சக்கரத்தின் மேல் வீடு: ஏறும் முன்பே இறங்கும் நாளை எண்ணுங்கள்!

வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள் வருகிறது. மாலை போடுகிறார்கள். சால்வை போர்த்துகிறார்கள். கூட வேலை செய்தவர்கள் வீடுவரை வந்து விட்டுவிட்டுப் போகிறார்கள்.

மறுநாள் காலை விடிகிறது. ஆலைச் சங்கு ஊதுகிறது. ஆனால், அந்தச் சங்கு இனி அவருக்காக அல்ல.

இனி என்ன செய்வது?

வள்ளூர், மீஞ்சூர், எண்ணூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு குறைவு. வள்ளூர் அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் வீதம் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. எண்ணூரில் லாரியும் பஸ்ஸும் செய்யும் அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று முப்பது வருஷம் உழைத்தவர்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஊரைச் சுற்றிப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது?

ஆகவே, ஓய்வு பெற்றதும் சிலருக்கு ஓர் ஆசை வருகிறது. ஒரு வேன் வாங்க வேண்டும். அதற்குள் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைக்க வேண்டும். கணவனும் மனைவியும் அதில் ஏறி ஊர் ஊராகப் போக வேண்டும். வீட்டு வாடகை இல்லை. வீட்டு வரி இல்லை. அதுவே வீடு!

சினிமா நட்சத்திரங்களின் கேரவன் வண்டியை எல்லோரும் அறிவார்கள். அதுபோன்ற ஒரு வண்டியிலேயே குடியிருப்பதுதான் இந்த யோசனை. செல்போனில் வரும் படங்கள் இந்த ஆசைக்கு எண்ணெய் ஊற்றுகின்றன.

இந்த ஆசை தவறா? தவறே இல்லை. உழைத்துக் களைத்தவர்கள் உலகத்தைப் பார்க்க விரும்புவது நியாயம். ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. வண்டியில் ஏறுகிற நாளை எல்லோரும் எண்ணுகிறார்கள். இறங்குகிற நாளை யாரும் எண்ணுவதில்லை. அந்த நாள் கட்டாயம் வரும். அதற்கு வழி செய்துகொண்டு ஏறுவதுதான் புத்திசாலித்தனம்.

பழைய ஆசைதான்!

வயதான காலத்தில் யாத்திரை போவது நம் நாட்டில் புதிதல்ல. மோட்டார் இல்லாத காலத்திலேயே போனார்கள்.

சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமய்யா, 1830 மே 18-ந் தேதி சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டார். பல்லக்கு, கூடாரம், பாத்திரம், பண்டம், குடும்பத்தார், வேலையாட்கள் என்று ஒரு சிறு கிராமமே அவரோடு நகர்ந்தது. போகும் இடத்தில் கூடாரம் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டார்கள். 1831 செப்டம்பர் 3-ந் தேதி சென்னைக்குத் திரும்பினார்கள். பதினைந்து மாதப் பிரயாணம்! அவர் எழுதி வைத்த குறிப்புகள் தெலுங்கில் புத்தகமாக வந்தன.

கவனிக்க வேண்டியது என்ன? அவர் திரும்பி வந்தார். திரும்பி வர அவருக்கு ஓர் இடம் இருந்தது.

நம் காலத்துக்கு வருவோம். கேரளத்தில் கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் பலர் படித்திருப்பார்கள். கடை வருமானத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தார்கள். அவர்கள் கடையை விற்றுவிட்டுப் போகவில்லை. போனார்கள், பார்த்தார்கள், திரும்பி வந்து மறுபடியும் டீ ஆற்றினார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமானார். அதற்கு முந்தின மாதம்தான் ரஷ்யாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

இவர்களுக்குப் பிரயாணம் ஓர் ஆனந்தம். காலூன்ற ஒரு கடை இருந்ததால்தான் அந்த ஆனந்தம் கிடைத்தது.

அமெரிக்காவில் இரண்டு காட்சிகள்

வண்டியில் குடியிருக்கும் பழக்கம் அமெரிக்காவில் மிகுதி. ஆஸ்திரேலியாவிலும் உண்டு. அங்கே ஓய்வு பெற்று வண்டியில் சுற்றுகிறவர்களுக்கு "நரைத்த நாடோடிகள்" என்றே செல்லப் பெயர்.

அமெரிக்காவில் ஜோ பீட்டர்சன், கே பீட்டர்சன் என்ற தம்பதி 1978-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். "எஸ்கேப்பீஸ்" என்பது அதன் பெயர். வண்டியிலேயே வாழ்கிறவர்களின் சங்கம் அது. அந்தச் சங்கத்தார் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். வண்டி ஓட்டிகளுக்கும் வயதாகும். கண் மங்கும். கை நடுங்கும். அப்போது எங்கே போவது? ஆகவே, டெக்சாஸ் மாநிலத்தில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் ஒரு பராமரிப்பு நிலையத்தை ஏற்படுத்தினார்கள். ஓட்ட முடியாத அங்கத்தினர்கள் தங்கள் வண்டியை அங்கே நிறுத்திக்கொண்டு, அதிலேயே வசிக்கலாம். சாப்பாடும் உதவியும் கிடைக்கும். இறங்கும் நாளுக்கு வழி செய்துகொண்டவர்கள் இவர்கள்.

இன்னொரு காட்சியும் உண்டு. 2008-ல் அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி வந்தது. பலர் வீட்டை இழந்தார்கள். சேமிப்பும் போயிற்று. வயதான பலர் வேறு வழியில்லாமல் வேனில் குடியேறினார்கள். அறுபது, எழுபது வயதிலும் அமேசான் கிடங்குகளில் சரக்கு அடுக்கினார்கள். சர்க்கரைக் கிழங்கு அறுவடைக்குப் போனார்கள். ஜெசிக்கா புரூடர் என்ற பெண் பத்திரிகையாளர் இவர்களைப் பற்றி 2017-ல் "நோமட்லேண்ட்" என்ற புத்தகம் எழுதினார். அதே பெயரில் வந்த படம் 2021-ல் ஆஸ்கார் பரிசு பெற்றது.

இரண்டு கூட்டத்தாரும் வண்டியில்தான் வாழ்ந்தார்கள். ஒரு கூட்டத்தார் விரும்பி ஏறினார்கள். மற்றொரு கூட்டத்தார் தள்ளப்பட்டார்கள். கையில் காசு இல்லாமல் ஏறினால், முதல் கூட்டத்தில் இருப்பவரும் இரண்டாவது கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுவார்!

பேப்பரும் பென்சிலும் எடுங்கள்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆலைத் தொழிலாளிக்கு 58 வயதில் சேமநிதித் திட்டத்தின் மாதப் பென்ஷன் வரும். 2014 செப்டம்பர் முதல் அதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். முப்பது வருஷ சர்வீஸ் முழுவதற்கும் இந்த உச்சவரம்பை வைத்து, போனஸ் வருஷம் இரண்டைக் கூட்டினாலும், மாதம் 6,857 ரூபாய்தான் வரும். அதிகச் சம்பளத்துக்குப் பென்ஷன் கேட்டுப் பெற்றவர்களுக்கு மட்டுமே இதற்குமேல் கிடைக்கும்.

இப்போது டீசல் கணக்கு. வண்டி மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்றால் 100 லிட்டர் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 9,200 ரூபாய்!

பென்ஷன் டீசலுக்கே போதவில்லை. சாப்பாடு, சுங்கம், டயர், மருந்து எல்லாம் இனிமேல்தான்.

பாக்கிப் பணம் எங்கிருந்து வரும்? சேமநிதியும் கிராஜுவிட்டியும் சேர்ந்து 30 லட்சம் கைக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். தபாலாபீசில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அதைப் போடலாம். 60 வயது நிறைந்தவர்களுக்கு உள்ள திட்டம் அது. 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்களும், பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். 2023 ஏப்ரலில் இதன் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அந்த வட்டிக்கு மாதம் 20,500 ரூபாய் ஆகிறது.

அந்தப் பணத்தில் 20 லட்சத்தை எடுத்து வண்டி வாங்கினால்? மிச்சம் 10 லட்சம். மாத வட்டி 6,833 ரூபாய். வாங்கிய வண்டியோ வருஷா வருஷம் விலை இறங்கிக்கொண்டே போகும்.

வீட்டை விற்று வண்டி வாங்குவது இதைவிட ஆபத்து. மனை விலை ஏறும். வண்டி விலை இறங்கும். இன்று விற்ற வீட்டை நாளை திரும்ப வாங்க முடியாது. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தண்ணீர், மின்சாரம், நெருப்பு

வள்ளூர்க்காரர்களுக்கு யூனிட் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தாலும் பாருங்கள்.

ஒரு டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரம் இழுக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி முழுதாக நிரம்பினாலும் 1.8 யூனிட்தான் கொள்ளும். இரண்டு மணி நேரம்கூட ஓடாது. கூரையில் 400 வாட் சூரியத் தகடு வைத்தால், நல்ல வெயில் நாளில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் கிடைக்கும். அது மின்விசிறிக்கும் விளக்குக்கும் போதும். ஏ.சி.க்குப் போதாது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே படுப்பது எப்படியிருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தண்ணீரும் அப்படித்தான். இரண்டு பேர் மிகச் சிக்கனமாக நாளுக்கு 40 லிட்டர் செலவழித்தாலும், 100 லிட்டர்த் தொட்டி மூன்றாம் நாள் காலியாகும். அந்தத் தொட்டி 100 கிலோ எடை. அதையும் வண்டிதான் சுமக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உயிர்ப் பாதுகாப்பு. இரண்டு சம்பவங்களை யாரும் மறக்கக் கூடாது.

2023 ஆகஸ்டு 26-ந் தேதி மதுரை ரயில் நிலையத்தில் ஒரு சுற்றுலாப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே வடநாட்டு யாத்ரீகர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்திருந்த சமையல் சிலிண்டரால் தீப்பிடித்தது. 9 பேர் மாண்டார்கள்.

2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை அருகே சாலையோரம் நின்ற ஒரு கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் நச்சுப் புகை உள்ளே புகுந்ததுதான் காரணம் என்று தெரியவந்தது. கார்பன் மோனாக்சைடு என்ற அந்தப் புகைக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவருக்குத் தெரியாமலே உயிரைக் குடித்துவிடும்.

ஆகவே, ஜெனரேட்டரை ஓடவிட்டு வண்டிக்குள் தூங்கவே கூடாது. அடுப்பை வண்டிக்கு வெளியே வைத்துச் சமைப்பது நல்லது. தீயணைக்கும் கருவியும் நச்சுப் புகையைக் காட்டிக் கொடுக்கும் கருவியும் கட்டாயம் வேண்டும்.

வண்டியை இஷ்டம்போல் வெட்டி ஒட்டவும் முடியாது. பதிவுப் புத்தகத்தில் கண்டதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு சொல்கிறது. கரூரில் பாடி கட்டும் பட்டறைகள் பல உண்டு. கைதேர்ந்த வேலைக்காரர்களும் உண்டு. ஆனால், பட்டறைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போக வேண்டும். அனுமதி இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் பணம் கைக்கு வருவது கஷ்டம்.

முகவரி இல்லாதவரா?

"ஊர் ஊராகப் போனால் பென்ஷன் எப்படி வாங்குவது?" என்று சிலர் பயப்படுவார்கள். இதில் இப்போது சௌகரியம் அதிகம். சேமநிதிப் பென்ஷனை 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறலாம். உயிருடன் இருப்பதற்கான சான்றை செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுத்துவிடலாம்.

ஓட்டு விஷயம் வேறு. எந்த ஊரில் வழக்கமாகக் குடியிருக்கிறாரோ அந்த ஊரில்தான் ஒருவருக்கு ஓட்டு. தற்காலிகமாக வெளியூர் போனால் அந்த உரிமை போகாது. அடியோடு ஊரைவிட்டுப் போனவர், "எனக்கு அங்கே வீடு இருக்கிறது" என்று மட்டும் சொல்லி ஓட்டுக் கேட்க முடியாது. சட்டம் அப்படி.

வைத்தியம்? 70 வயது நிறைந்தவர்களுக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை இலவச சிகிச்சை தரும் மத்திய அரசுத் திட்டம் 2024 அக்டோபரில் வந்தது. ஆனால், 58 வயதில் ஓய்வு பெறுகிறவர் அதற்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் ஐந்து வருஷமாவது இருந்து ஓய்வு பெற்றவர்கள், வருஷம் 120 ரூபாய் கட்டினால் கணவன், மனைவி இருவருக்கும் வைத்தியம் தொடரும். பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை. புறப்படும் முன் இதை முடித்துக்கொள்ள வேண்டும்.

வீட்டு அம்மாளைக் கேட்டீர்களா?

இதுதான் மிக முக்கியமான கேள்வி.

கணவனுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது. மனைவிக்கு?

வண்டியில் குடியேறினாலும் மூன்று வேளை சமையல் உண்டு. துணி துவைக்க வேண்டும். பாத்திரம் கழுவ வேண்டும். வீட்டில் நின்று சமைத்தவர், இங்கே குனிந்து சமைக்க வேண்டும். குளிக்க, உடை மாற்ற மறைவிடம் தேட வேண்டும். அக்கம்பக்கத்துப் பேச்சுத் துணை இல்லை. கோவில் இல்லை, கடை இல்லை. பேரன் பேத்தி முகத்தைப் பார்க்க முடியாது. கணவருக்கு உல்லாசப் பிரயாணம். மனைவிக்கு அதே வேலை, இன்னும் சின்ன அடுப்படியில்!

"அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்" என்று நினைக்கும் கணவர்கள் உண்டு. ஒன்றும் சொல்லாதது சம்மதம் ஆகாது. உட்கார வைத்துக் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். சரி என்று சொன்னால், சமையலிலும் துவைப்பதிலும் கணவர் பாதி வேலையை ஏற்க வேண்டும். மனைவி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. நடுவழியில் கணவருக்கு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போக ஒருவர் வேண்டாமா?

முதலில் ஒத்திகை

நாடகத்துக்கே ஒத்திகை உண்டு. வாழ்க்கைக்கு வேண்டாமா?

வண்டியை வாங்காதீர்கள். முதலில் வாடகைக்கு எடுங்கள். வள்ளூரிலிருந்து பழவேற்காடு பக்கத்தில்தான் இருக்கிறது. ஓர் இரவு அங்கே தங்கிப் பாருங்கள். பிறகு ஒரு வாரம் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஒரு முறை, ஐப்பசி மழையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். மார்கழியில் மட்டும் போய்விட்டு முடிவு செய்யாதீர்கள்!

யோசனை கேட்கவும் தூரம் போக வேண்டாம். துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் வரும் லாரிகள் இந்த வட்டாரம் முழுவதும் வரிசையாக நிற்கின்றன. கல்கத்தா நெடுஞ்சாலையில் போய்வரும் லாரி டிரைவர்களைக் கேளுங்கள். எந்த இடத்தில் இரவு நிறுத்தலாம், எங்கே குளிக்கத் தண்ணீர் கிடைக்கும், எங்கே திருட்டுப் பயம் என்று ஒளிக்காமல் சொல்வார்கள். வண்டியில் வாழ்வதில் அவர்களைவிட அனுபவசாலி யார்? அவர்கள் அதைச் சுகத்துக்காகச் செய்யவில்லை, பிழைப்புக்காகச் செய்கிறார்கள். எப்போது வீடு போவோம் என்றுதான் அவர்கள் ஏங்குகிறார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இருப்பதுபோல் தண்ணீர், மின்சாரம், கழிவு வசதியுள்ள வண்டித் தங்கல்கள் நம் நாட்டில் இன்னும் அதிகமில்லை. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாத் திட்டம் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வாகமண்ணில் ஒரு கேரவன் பூங்கா திறந்தது. அவையெல்லாம் நாலு நாள் உல்லாசமாகத் தங்கிப் போகிறவர்களுக்கு. பென்ஷன் பணத்தில் வருஷம் முழுவதும் சுற்றுகிறவருக்குக் கட்டுப்படியாகும் இடங்களும் வேண்டும். நெடுஞ்சாலை ஓரங்களில் சுத்தமான குளியலறையும், பயமில்லாமல் வண்டி நிறுத்த இடமும் சர்க்கார் ஏற்படுத்தினால், ஓய்வு பெற்றவர்கள் மட்டுமல்ல, லட்சக்கணக்கான லாரி டிரைவர்களும் வாழ்த்துவார்கள்.

இறங்கும் நாள்

எந்த வண்டியும் என்றைக்குமே ஓடிக்கொண்டிருக்காது. ஓட்டுகிறவரும் அப்படியே. 55 வயதைத் தாண்டியவர்கள் ஓட்டுநர் லைசென்சை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது காரணத்தோடுதான்.

ஆகவே, புறப்படும் முன் கணவனும் மனைவியும் உட்கார்ந்து நாலு விஷயத்தை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை வயது வரை ஓட்டுவது? எந்த நோய் வந்தால் நிறுத்துவது? நிறுத்தினால் எந்த ஊரில், எந்தக் கூரையின் கீழ் இருப்பது? இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் எங்கே போவது? பிள்ளைகளிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

சொந்த வீடு இருந்தால் விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள். அந்த வாடகை டீசலுக்கு ஆகும். ஒரு அறையை மட்டும் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்தில் ஆறு மாதம் சுற்றுங்கள். ஆறு மாதம் ஊரில் இருங்கள். இரண்டு பேருடைய ஒரு வருஷச் செலவுக்கான பணத்தை யாரும் தொடாமல் தனியே வையுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டுப் புறப்படுகிறவர்கள் தைரியமாகப் புறப்படலாம். காசியையும் பார்க்கலாம், காஷ்மீரையும் பார்க்கலாம். முப்பது வருஷம் சங்கு ஊதும் நேரத்துக்கு ஓடியவர்கள், இனித் தங்கள் இஷ்டப்படி எழுந்து, இஷ்டப்படி போகட்டும். அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

வீட்டுச் சாவியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டிச் சாவியைக் கீழே வைக்கும் நாளில் அதுதான் கை கொடுக்கும்.